ஆழ இறங்கும் வேரா, அகலப் படரும் வேரா?

வேரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆணிவேர், சல்லிவேர் என்ற பாடப்புத்தகப் பிரிவினையிலேயே நின்றுவிடுகிறது. துவரைக்கு ஆணிவேர், நெல்லுக்குச் சல்லிவேர் என்பது பயிரின் குடும்பத்தைச் சொல்லுமே தவிர, ஒரே பயிரின் இரு இரகங்களில் எது வறட்சியைத் தாங்கும், எது சத்துக் குறைந்த மண்ணிலும் தேறும் என்பதைச் சொல்லாது. அதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு வேர் கிளம்பும் கோணத்துக்கு உண்டு. ஆகவே ஒப்பிட வேண்டியது செங்குத்தாக இறங்கும் வேரையும் கிடையாகப் படரும் வேரையும்தான்.

மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்துகளோடு ஒட்டிக்கொண்டு, ஏறக்குறைய அசையாமல் கிடப்பது. வேரையொட்டி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சியதும் அந்த இடம் வெறுமையாகிவிடும். அதற்கு அப்பால் எட்டுவதற்கு வேர்த்தூவிகளும் வேர் உட்பூசணத்தின், அதாவது வேரோடு கூடி வாழும் பூஞ்சையின், இழைகளும் தேவைப்படுகின்றன. இலைச்சருகு மக்குவதும் உரம் விழுவதும் மேல்மண்ணில் என்பதால், இந்தச் சத்தும் மேலடுக்கிலேயே கூடுதலாகத் தங்குகிறது. மணிச்சத்து குறைந்த நிலத்தில், தண்டின் அடியிலிருந்து கிளம்பும் வேர்கள் பக்கவாட்டில் படரும் பீன்ஸ் இரகங்கள் மற்றவற்றைவிட நன்றாக வளர்வது இதனால்தான்.

தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டின் போக்கு நேர் எதிரானது. அது நீரில் கரைந்து நீரோடு நகரும். பலத்த மழை பெய்தால் மேல்மண்ணை விட்டுக் கீழே இறங்கிவிடும். மேற்பரப்பு காய்ந்த பிறகு எஞ்சிய ஈரமும் அடியில்தான் இருக்கும் என்பதால், இவ்விரண்டையும் ஒருசேரப் பிடிப்பது ஆழமாக இறங்கும் வேரே. 2013இல் வெளியான நெல் ஆய்வு ஈரத்தைப் பொறுத்தவரை இதைத் தெளிவாகக் காட்டியது. பிலிப்பைன்ஸின் மேட்டுநில இரகமான கினாண்டாங் படோங்கில் இருந்த டி.ஆர்.ஓ.1 என்ற மரபணுவை, வேர் மேலோட்டமாக ஓடும் ஐ.ஆர்.64 என்ற நெல் இரகத்துக்குக் கலப்பின் வழியே கொண்டுவந்தபோது, வேர்களின் கோணம் கீழ்நோக்கித் திரும்பியது. வறட்சியில் அப்படிக் கிடைத்த புதிய நெல் ஐ.ஆர்.64ஐவிட நல்ல விளைச்சலைத் தந்தது.

வேரின் மொத்த நீளத்தை வைத்தே மதிப்பிடுவோரும் உண்டு. 1937இல் கோதுமையைப் போன்ற தானியப் பயிரான ரையின் ஒரே செடியின் வேர்களை அளந்து, மொத்தம் சுமார் 623 கிலோமீட்டர் என்று கணக்கிட்டார்கள். வியப்பான எண்தான், ஆனால் அத்தனை வேரும் சத்தில்லாத அடுக்கில் கிடந்தால் செடிக்கு ஆதாயமில்லை. வேரை வளர்க்கவும் உயிரோடு வைத்திருக்கவும் இலை தயாரிக்கும் சர்க்கரை செலவாகிறது. மக்காச்சோள வேரின் புறணியில், அதாவது வெளித்தோலுக்கு உள்ளேயிருக்கும் திசுவில், செல்கள் அழிந்து காற்றறைகள் உண்டாகும்போது அந்தச் செலவு குறைகிறது. மிச்சமாகும் சர்க்கரையைக் கொண்டு வேர் மேலும் ஆழம் போக முடிகிறது. ஆழத்தை மட்டும் பார்த்து இரகம் தேர்ந்தெடுப்பவர்கள் இந்தச் சிக்கனத்தைக் கவனிப்பதில்லை என்பது என் குறை.

என் தேர்வைக் கேட்டால், மழை நின்றபின் மண்ணில் சேர்ந்த ஈரத்தை நம்பி விளையும் நிலத்துக்கு ஆழவேரையும், மணிச்சத்து குறைந்து அடிக்கடி மேல்மண் நனையும் நிலத்துக்குப் படரும் வேரையும் சொல்வேன். ஈரம், மணிச்சத்து இரண்டும் பற்றாக்குறையான இடத்தில், மேலே சில வேர்களும் கீழே சில வேர்களும் விடும் இரகமே பொருந்தும், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தாலும்.

இரகத்தின் கோணத்தை அறியப் பெரிய கருவி வேண்டாம். பூக்கும் பருவத்து மக்காச்சோளத் தண்டு ஒன்றைச் சுற்றி மண்வெட்டியால் அகலமாக வெட்டி எடுத்து, வேரை நீரில் அலசி, தண்டின் கணுக்களில் கிளம்பும் கணுவேர்கள் விரியும் சரிவைக் கோணமானியால் பார்த்தால் போதும். தோண்டிய குழியையும் மூடுவதற்கு முன் ஒருமுறை பார்ப்பது நல்லது: செங்குத்தாக வந்த வேர்கள் உழவு ஆழத்துக்குக் கீழே சட்டென்று மடங்கிக் கிடையாக ஓடியிருந்தால், அங்கே மண் இறுகிக் கிடக்கிறது. அந்த நிலத்துக்கு முதலில் வேண்டியது இறுகிய அடிமண்ணைக் கீறி உடைக்கும் உளிக்கலப்பை. ஆழவேர் இரகம் அதற்குப் பிறகுதான்.