தவக்கால வெள்ளிக்கு ஸ்பகெற்றி: கடைத் தட்டில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் வந்தால் யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் பாஷையூரிலும் நாவாந்துறையிலும் இறைச்சிச் சட்டி கவிழ்ந்துவிடும். சுத்தபோசன நாளில் கத்தோலிக்கத் திருச்சபை விலக்குவது இறைச்சியை மட்டும்தான். மீன், முட்டை, பாலுக்குத் தடை இல்லை. ஆனால் மீனும் முட்டையும் உட்பட மச்சமே வேண்டாம் என்று இருப்பவர்களும் நம்மிடையே நிறையப்பேர். இரண்டு வகையினருக்கும் இத்தாலியச் சமையல் நன்றாகப் பொருந்தும். நேப்பிள்ஸ், ரோம், சிசிலி ஏழை வீடுகளின் சாப்பாடுகள் பல, முதலிலிருந்தே இறைச்சி இல்லாமல் பிறந்தவை.

இதற்கான சாமான்கள் யாழ்ப்பாண நகரத்துச் சுப்பர் மார்க்கெற்றுகளில் வரிசையாக அடுக்கியிருக்கின்றன. எல்லாவற்றையும் வாங்கத் தேவையில்லை. காசு போடவேண்டியது பாஸ்தாவிலும் ஒலிவ் எண்ணெயிலும் மட்டும்தான். மிச்சம் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கிடைக்கும்.

பாஸ்தா பைக்கற்றின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். டியூரம் கோதுமை ரவை என்று இருக்க வேண்டும், அது கடினமான ஒரு கோதுமை வகை. இத்தாலியில் காய்ந்த பாஸ்தாவை டியூரத்தில்தான் செய்யவேண்டும் என்று 1967 இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். மலிவுப் பைக்கற்றுகள் சிலவற்றில் இருப்பது சாதாரணக் கோதுமை மா. அது வேகும்போது தண்ணீர் கஞ்சி போலாகும், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டும், இரண்டு நிமிடம் பிந்தினால் களி. நல்ல டியூரம் இழை தேன் கலந்த மஞ்சளாக இருக்கும், முறித்தால் டக்கென்று முறியும். 100 கிராமுக்குப் புரதம் 12 கிராமுக்கு மேல் என்று போட்டிருந்தால் நம்பி எடுக்கலாம். மச்சம் தவிர்ப்பவர்கள் முட்டை சேர்த்ததா என்றும் பாருங்கள். பட்டையான நாடா வகைகளில் அது அடிக்கடி இருக்கும்.

அவிக்கும் கணக்கு: 100 கிராமுக்கு 1 லீற்றர் தண்ணீர், லீற்றருக்கு 10 கிராம் உப்பு. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் சில இடங்களில் தானாகவே உவர்ப்பு. முதலில் வாயில் வைத்துப் பார்த்து உப்பைக் குறையுங்கள். தண்ணீரில் எண்ணெய் ஊற்ற வேண்டாம். வடித்த பிறகு பச்சைத் தண்ணீரில் அலசவும் வேண்டாம், அலசினால் குழம்பு இழையில் பிடிக்காது. பைக்கற்றில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே ஒரு இழையைக் கடியுங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அதுதான் இறக்கும் பதம், மிச்சம் தாச்சியில் வேகும். வடிக்கும் முன் ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து வையுங்கள்.

முதலில் செய்து பார்க்கவேண்டியது உள்ளியும் (வெள்ளைப்பூண்டு) எண்ணெயும் மட்டும் போட்ட நேப்பிள்ஸ் ஸ்பகெற்றி. 250 கிராமுக்கு 5 மேசைக்கரண்டி ஒலிவ் எண்ணெய், 4 பல் உள்ளி, 2 செத்தல் மிளகாய். உள்ளியை மெல்லிய தகடாக அரிந்து, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதே போட்டு, மெல்லிய நெருப்பில் வையுங்கள். தகட்டைச் சுற்றிச் சின்னக் குமிழிகள் வரும், பிறகு ஓரம் வைக்கோல் நிறமாகும். அப்போது மிளகாயைப் போட்டு உடனே அடுப்பை அணைக்க வேண்டும், ஏனென்றால் சூடான எண்ணெய் தொடர்ந்து வறுத்துக்கொண்டே இருக்கும். உள்ளி மண்நிறமானால் எண்ணெய் முழுவதும் கசக்கும். அதைக் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குவதே வழி. வடித்த பாஸ்தாவைப் போட்டு, எடுத்து வைத்த தண்ணீரில் அரைக் கோப்பை ஊற்றி, மீண்டும் அடுப்பை மூட்டி ஒரு நிமிடம் விடாமல் பிரட்டினால் எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் போலத் திரளும். தட்டின் அடியில் எண்ணெய் தனியாக நின்றால் தண்ணீர் போதவில்லை, அல்லது பிரட்டியது போதவில்லை.

இதன்மேல் சீஸ் தேவையில்லை. சிசிலியில் சீஸுக்குப் பதில் வறுத்த பாண் தூள் தூவுவார்கள். மார்ச் 19, சூசையப்பர் திருநாள் பாஸ்தாவில் அது அவருடைய தச்சுப் பட்டறையின் மரத்தூள் என்று சொல்வதுண்டு. நம்முடைய றோஸ் பாணின் மேற்பக்கம் இதற்கு அருமையானது: காயவைத்து இடித்து, ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் பொன்னிறமாகும் வரை கிண்டி, பரிமாறும்போது மட்டும் தூவுங்கள். முன்பே போட்டால் ஊறி மொறுமொறுப்புப் போய்விடும்.

ஒலிவ் எண்ணெயில் 'எக்ஸ்ட்ரா வேர்ஜின்' வகையை, கறுத்தப் போத்தலில், சின்ன அளவில் வாங்குங்கள். 'போமஸ்' என்று போட்டது பிழிந்த சக்கையிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய். பொரிக்க உதவும், இந்த ஸ்பகெற்றிக்கு மணம் தராது. பங்குனி வெயிலில் திறந்த போத்தல் அடுப்பருகே நின்றால் சீக்கிரம் காறல் அடிக்கும். நல்லெண்ணெய் இதற்கு ஈடாகாது, அதன் மணம் எல்லாவற்றையும் மூடிவிடும்.

ஒருசந்தி நாளில் முழுச்சாப்பாடு ஒரு வேளைதான் என்பதால், வயிறு தாங்குவதற்கு ரோமின் கடலைப் பாஸ்தாவைப் பரிந்துரைக்கிறோம். 200 கிராம் கொண்டைக்கடலையை 12 மணித்தியாலம் ஊறவையுங்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல் தண்ணீரில் கடலை கல்லாகவே நிற்கும், தண்ணீரிலுள்ள கல்சியம் தோலை இறுக்கிவிடும். ஊறும் தண்ணீரில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா போட்டு, அவிக்கும் முன் நன்றாகக் கழுவுங்கள். கழுவாவிட்டால் சவர்க்கார வாடை வரும். தக்காளியைக் கடலை நசியும் பதத்துக்கு வந்த பிறகே சேர்க்க வேண்டும், முன்பே போட்டால் அதன் புளிப்பு வேகவிடாது. வெந்ததில் பாதியை அகப்பையால் மசித்து, உள்ளி, அரைத் தேக்கரண்டி காய்ந்த ரோஸ்மேரி மூலிகை இலை, 120 கிராம் குட்டைப் பாஸ்தா போட்டு அதிலேயே வேகவிடுங்கள். கறிவேப்பிலை போட ஆசை வரும், போட்டால் அது நம் கடலைக் கறியின் பக்கம் சாய்ந்துவிடும்.

போத்தலில் வரும் பாஸ்தா சோஸை விட்டுவிடலாம். சீனியும் மாப்பொருளும் சேர்த்தவை அதிகம், 'பொலோனீஸ்' என்று எழுதியதில் இறைச்சி இருக்கலாம். சூப் கட்டிகளிலும் கோழிச் சாறு இருக்கிறதா என்று வாசியுங்கள். சந்தைத் தக்காளி 750 கிராமைச் சுடுதண்ணீரில் போட்டு, தோலும் விதையும் நீக்கி, 25 நிமிடம் வற்றவைத்தால் நான்கு பேருக்குப் போதும். ரின் வாங்கினால் முழுத்தக்காளி வாங்குங்கள். வெட்டிய துண்டு ரின்களில் துண்டு கரையாதிருக்கக் கல்சியம் குளோரைட் சேர்ப்பதுண்டு, அது எவ்வளவு கொதித்தாலும் குழம்பாகாது.

பாஸ்தாமேல் துருவிப் போடும் இத்தாலியப் பார்மிஜானோ சீஸ் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருளால் உறையவைப்பது. சுத்தபோசனத்துக்கு அது தடையில்லை, மச்சம் தவிர்ப்பவர்களுக்கு ஆகாது.

மீன் சேர்ப்பவர்கள் ரின் அன்சோவி என்ற உப்பிட்ட சின்ன மீனைத் தேடி அலையத் தேவையில்லை. நெத்தலிக் கருவாட்டைப் போட்டால் அன்சோவி போல எண்ணெயில் கரையும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது உப்பில் மாதக்கணக்காக ஊறிப் பதமானது, இது வெயிலில் காய்ந்தது. தலை கிள்ளிய பச்சை நெத்தலி 150 கிராமை உள்ளி எண்ணெயில் மூன்று நிமிடம் மசியும் வரை கிளறி, அதன்மேல் ஸ்பகெற்றியைப் போடுங்கள்.