பெட்ரோல் டேங்க் ஒழுகினால்: ஒட்டுவதா, மாற்றுவதா?

பழைய எஸ்யூவியின் அடியில் பெட்ரோல் வாடை வந்ததுமே டேங்க் ஓட்டை என்று முடிவு கட்ட வேண்டாம். முழுக்க நிரப்பும்போது மட்டும் ஒழுகினால், டேங்கின் மேலே பம்ப் பொருந்தும் இடத்தில் உள்ள ரப்பர் சீல் வளையத்தையோ பெட்ரோல் ஊற்றும் குழாயின் ரப்பர் ஹோஸையோ முதலில் சந்தேகப்படுங்கள். பாதி டேங்கிலும் சொட்டுகிறதா? அடிப்பாகம், மூட்டு, டேங்கைத் தாங்கும் பட்டைக்குள் பாருங்கள். சேறும் ஈரமும் தங்கித் துருப்பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

சரி, டேங்கேதான் ஓட்டை என்றால்?

செலவு: எபாக்சி (கலந்து பூசினால் இறுகிக் கெட்டியாகும் பசை) ஒட்டு மலிவு. புது டேங்க் பல மடங்கு. பட்டைகளையும் சீல் வளையத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

வேலை: ஒட்டுவதற்கு, பெட்ரோல் மட்டத்தை ஓட்டைக்குக் கீழே இறக்கி, துருவை உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். தேய்க்கும் கிரைண்டர் மெஷின் வேண்டவே வேண்டாம், தீப்பிடிக்க ஒரு தீப்பொறி போதும். மாற்றுவதற்கு டேங்கைக் காலி செய்து கீழே இறக்க வேண்டும். துருவேறிய போல்ட்டுகள் பாடாய்ப் படுத்தும்.

ஆயுள்: துருவால் ஒரு ஊசித்துளை விழுந்தால் சுற்றியுள்ள தகடும் மெலிந்திருக்கும். இன்று ஒட்டினால் நாளை பக்கத்தில் ஒழுகும். புது டேங்கில் அந்தக் கவலை இல்லை.

கல் அடித்து விழுந்த ஒற்றை ஓட்டை, சுற்றிலும் தகடு உறுதி என்றால் ஒட்டிப் பார்க்கலாம். துரு பரவியிருந்தால் மாற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் டேங்க் என்றாலும் அப்படித்தான், எபாக்சி அதில் சரியாகப் பிடிக்காது. அப்புறம், வெல்டிங் வைக்க யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். காலி டேங்கில் தங்கும் ஆவியே வெடிக்கும்.