எங்க ஊர் கிராம சபை: மூணு கூட்டம் போய்ட்டு வந்து எழுதுற ரிவ்யூ

முதல்ல குறைய சொல்லிடுறேன், ஏன்னா அது வாசல்லயே ஆரம்பிக்குது. பந்தல் போட்டு ஒரு டேபிள் போட்டு உள்ள வர்ற எல்லார்கிட்டயும் நோட்டுல கையெழுத்து வாங்கிடுறாங்க, கூட்டமே ஆரம்பிக்கல, என்ன தீர்மானம் போடப்போறாங்கன்னே தெரியாது, ஆனா நம்ம கையெழுத்து போட்டாச்சு. எங்க ஊர் ஜனத்தொகை 3000-க்குள்ள, அதனால 100 பேர் வந்தாதான் கூட்டம் செல்லும் (500 வரைக்கும் உள்ள ஊருக்கு 50, 3000 வரைக்கும் 100, 10,000 வரைக்கும் 200, அதுக்கு மேல போனா 300). அந்த நூறாவது கையெழுத்து விழுந்ததும் பாதி பேர் எழுந்து போயிடுறாங்க. நூறு நாள் வேலைக்கு போற அக்காங்கதான் அதுல நிறைய, அவங்கள குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, பதினோரு மணி வெயில்ல உக்காந்து யாரோ கடகடன்னு படிக்கிறத கேட்டு அவங்களுக்கு இதுவரைக்கும் ஒண்ணும் நடந்ததில்ல.

நான் இந்த வருஷம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15 மூணுக்கும் போனேன். முன்னாடி வருஷத்துக்கு நாலு கூட்டம்தான், 2022-ல இருந்து மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் சேத்து ஆறு ஆக்கிட்டாங்க. ஓட்டர் லிஸ்ட்ல பேர் இருக்குற யாரா இருந்தாலும் அந்த சபையில உறுப்பினர்தான், இது பல பேருக்கு தெரியல, "தலைவரு கூட்டம், நமக்கென்ன"ன்னு இருக்காங்க.

இந்த வருஷம் தலைவரே இல்ல, அதுதான் இன்னொரு சிக்கல். 2019 கடைசியில ஓட்டு போட்டு ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சு போச்சு, தேர்தல் நடக்கல, பி.டி.ஓ.வ (வட்டார வளர்ச்சி அலுவலர) தலைவருக்கு பதிலா தனி அலுவலரா போட்டுட்டாங்க. ஒரு பி.டி.ஓ. கையில எத்தனை ஊராட்சி, ஒரே நாள்ல எல்லா ஊர்லயும் கூட்டம், அவர் எங்கன்னுதான் போவாரு? எங்க ஊருக்கு பற்றாளரா, அதாவது கூட்டத்த கவனிக்க அனுப்புற அதிகாரியா, வேற ஒரு டிபார்ட்மென்ட் மேடம் வந்தாங்க, மரியாதையா பேசினாங்க, எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டாங்க, ஆனா எந்த தெரு எங்க இருக்குன்னு அவங்களுக்கு எப்படி தெரியும்.

ஆகஸ்ட் 15 கூட்டத்தோட நல்ல பகுதி அதுக்கு அப்புறம்தான். வரவு செலவு கணக்கு, அதாவது படிவம் 30, பேனர்ல போட்டு கட்டியிருந்தாங்க, இது உண்மையிலயே பாராட்ட வேண்டிய விஷயம், எழுத்து கொஞ்சம் பெருசா இருந்தா வயசானவங்களும் படிப்பாங்க. அதுல மோட்டார் ரிப்பேர் செலவு இருந்துச்சு. உடனே கடைசி தெருவுல இருக்குற ஒரு அக்கா எழுந்து, மோட்டாருக்கு இவ்வளவு செலவு பண்ணியும் எங்க பைப்புல ஏன் கால் மணி நேரம்கூட தண்ணி வரல, நாலு குடம் நிறையுறதுக்குள்ள நின்னு போகுதுன்னு கேட்டாங்க. ஊராட்சி செயலர் "பரிசீலிக்கிறோம்"னாரு. அக்கா உக்காரல.

அப்பதான் முன்னாள் தலைவர் ஜனங்களோட ஜனமா தரையில உக்காந்திருந்தவரு எழுந்தாரு. "ஏம்மா, தண்ணி குறையல, மேட்டுத்தெருவுக்கும் உங்க தெருவுக்கும் பிரியுற இடத்துல ஒரு வால்வு இருக்கு, அது தேஞ்சு போச்சு, மூடவே மூடாது, தண்ணியெல்லாம் அந்தப்பக்கமே போயிடுது, நான் இருக்கும்போதே மாத்தணும்னு சொன்னேன், முடிக்கல, அது என் தப்புதான்"ன்னாரு. நூறு பேர் முன்னாடி அப்படி சொல்றதுக்கு மனசு வேணும், அவர் மேல எனக்கு ஆயிரம் வருத்தம் இருந்தாலும் அன்னைக்கு மரியாதை கூடிச்சு. முன்னாள் வார்டு மெம்பர் அக்காவும் எழுந்து எந்த வீட்டு முன்னாடி அந்த வால்வு புதைஞ்சிருக்குன்னு சொல்ல, டேங்க் ஆபரேட்டர் அண்ணன் ஆமான்னு தலையாட்ட, அஞ்சு நிமிஷத்துல ரெண்டு வருஷ பிரச்சனைக்கு காரணம் வெளிய வந்துடுச்சு. பதவி போனவங்க வீட்லயே இருந்துடாம வந்து உக்காந்தாலே எவ்வளவு பிரயோஜனம் பாருங்க.

தெருவிளக்கு, பள்ளிக்கூட காம்பவுண்ட் சுவர், குப்பை வண்டி இதெல்லாம் வழக்கம்போல ஓடுச்சு.

பின்னாடி நின்ன ஒரு தம்பி, "தீர்மானம் போட்டு என்னண்ணே ஆகப்போகுது, நோட்டுலதான் கெடக்கும்"ன்னான். அவன்கிட்ட அரிட்டாபட்டிய சொன்னேன். மதுரை மாவட்டம் மேலூர் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம்னு வந்தப்போ அந்த சனங்க கிராம சபையில தீர்மானம் போட்டாங்க, ஊர்வலம் போனாங்க, விஷயம் சட்டசபை வரைக்கும் போய் அங்கயும் தீர்மானம் வந்துச்சு, 2025 ஜனவரியில மத்திய அரசு அந்த ஏலத்தையே ரத்து பண்ணுச்சு. கிராம சபை தீர்மானம் மட்டுமே அத பண்ணுச்சுன்னு நான் சொல்லல, ஆனா ஊரே வேண்டாம்னு சொன்னதுக்கு எழுத்துல இருக்குற ஆதாரம் அதுதானே. நமக்கு ஒரு வால்வு, அவ்வளவுதான்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கூட்டம் முடிஞ்சு எல்லாரும் மிட்டாய் வாங்கிட்டு கிளம்புறப்போ நான் செயலர்கிட்ட போய், சார் தீர்மானத்த ஒருதடவ படிச்சு காட்டுங்கன்னு கேட்டேன். "ஆபீஸ்ல போய் எழுதிப்போம் தம்பி"ன்னாரு. கையெழுத்து எங்களுது, எழுதுறது அப்புறமா, இது எப்படி சார் சரியாகும்னு கேட்டதும் மேடமே நோட்ட வாங்கி எழுதச் சொன்னாங்க. அவர் எழுதினது "குடிநீர் பிரச்சனை குறித்து விவாதிக்கப்பட்டது". இவ்வளவுதான். அந்த அக்கா அரை மணி நேரம் நின்னு பேசினது, முன்னாள் தலைவர் தப்ப ஒத்துக்கிட்டது எல்லாம் இந்த ஒரு வரியில காணாம போச்சு. அடுத்த கூட்டத்துல போய் ஏன் நடக்கலன்னு கேட்டா, விவாதிச்சோமேன்னு சொன்னா அது சரிதானே, நம்ம என்ன பதில் சொல்ல முடியும். நானும் அந்த அக்காவும் பக்கத்துலயே நின்னு, எந்த தெரு, எந்த வால்வு, எத்தனை நாளுக்குள்ள மாத்தணும்னு சொல்லச் சொல்ல அடிச்சிட்டு திருத்தி எழுதினாரு, எரிச்சல்தான் பட்டாரு, ஆனா எழுதினாரு. அந்தப் பக்கத்த போன்ல போட்டோ எடுத்துக்கிட்டேன்.

மார்க் போடணும்னா அஞ்சுக்கு மூணு. கணக்க வெளிய போட்டதுக்கும், யார் வேணா எழுந்து கேக்க முடிஞ்சதுக்கும் அந்த மூணு. பழைய தீர்மானம் என்ன ஆச்சுன்னு மூணு கூட்டத்துலயும் ஒருதடவகூட படிக்கல, கையெழுத்த முன்னாடியே வாங்குறாங்க, அதுக்குத்தான் ரெண்டு குறைச்சேன். உங்க ஊர்ல கூட்டம்னா போங்க, நோட்டீஸ் ஏழு நாள் முன்னாடி வரணும், வரலன்னா ஆபீஸ்ல கேளுங்க. தீர்மான காப்பி தரமாட்டேன்னாங்கன்னா பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ.ல (தகவல் உரிமைச் சட்டத்துல) கேக்கலாம். முடிஞ்சா கையெழுத்த கடைசியில போடுங்க, நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சு பாத்துட்டு.

வால்வு இன்னும் மாத்தல, பதினஞ்சு நாள்தான் ஆகியிருக்கு, தீர்மானத்துல முப்பது நாள்னு இருக்கு. அடுத்த கூட்டத்துக்கு அந்த கடைசி தெருவுல இருந்தே இருபது பேர் வர்றோம்னு அக்கா சொல்லியிருக்காங்க.