திருப்பிப் போடச் சொல்லும் ரிக்கார்டு

போன வாரம் டர்ன்டேபிளுக்கு பெல்ட் மாற்றினேன். பழையது தொளதொளத்துப் போய் ஒரு வருஷமாகவே தட்டு மெதுவாகத்தான் சுற்றியிருக்கிறது; எனக்கு உறைக்கவே இல்லை. புது பெல்ட்டோடு முதலில் வைத்தது இங்கிலாந்து ராக் குழுவான எலக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ராவின் 'அவுட் ஆஃப் தி ப்ளூ' ஆல்பம். அதன் பாடகர் ஜெஃப் லின்னுக்குத் திடீரென்று பத்து வயது குறைந்துவிட்டது. இத்தனை நாளும் தூக்கக் கலக்கத்தில் பாடியவரைத்தான் உருகி உருகிக் கேட்டிருக்கிறேன் போல. இதைச் சொல்லிச் சிரித்தபோது நண்பர் கேட்டார், "பழைய கடையில் ஒரு பிரதி கிடக்கிறது, வாங்கலாமா?" சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இது.

1977-ல் வந்த இரட்டைத் தட்டு, நான்கு பக்கம், 17 பாட்டு என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அட்டையில் பெரிய விண்வெளி நிலையம், அதை நோக்கி ஒரு சின்ன விண்கலம். விண்கலத்தின் மேல் இருக்கும் எண் முதல் பதிப்பின் கேட்டலாக் நம்பர்தான் என்பது எனக்குப் பிடிபட ஆறு வருஷம் ஆனது. அந்தக் காலத்தில் உள்ளே வெட்டி ஒட்டுகிற அட்டை விண்வெளி நிலையமும் வைத்துக் கொடுத்தார்கள். என் பிரதியில் இல்லை. யாரோ ஒரு குழந்தை வெட்டிப் பறக்கவிட்டிருக்கும். கோபம் வரவில்லை.

என் கதையெல்லாம் மூன்றாம் பக்கத்தில்தான். நான்கு பாட்டு, சுமார் 19 நிமிஷம், மொத்தத்துக்கும் 'மழைநாள் கச்சேரி' என்கிற மாதிரி ஒரு பெயர். இடியோடு தொடங்கும். மியூனிக்கில் பதிவு நடந்தபோது இடித்த நிஜ இடி அது. அதற்கு முன்பே லின் பாட்டு எழுத ஸ்விட்சர்லாந்து மலையில் ஒரு வீடு எடுத்துத் தங்கியிருக்கிறார். இரண்டு வாரம் ஒரே மூடுபனி, ஒரு வரிகூட வரவில்லை. அப்புறம் ஒருநாள் வெயில் அடித்திருக்கிறது, ஆல்ப்ஸ் மலை தெரிந்திருக்கிறது. 'மிஸ்டர் ப்ளூ ஸ்கை' பிறந்தது, கூடவே மற்ற பாட்டுகளும் மளமளவென்று வந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார்.

மே மாதம் மின்வெட்டு முடிந்து ஃபேன் சுற்ற ஆரம்பித்த நேரத்தில், அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டான இந்த 'மிஸ்டர் ப்ளூ ஸ்கை'யைக் கேட்டுப் பாருங்கள். வெயில் வந்ததற்கா ஐயா இத்தனை கொண்டாட்டம் என்று எரிச்சலாக இருக்கும். நீல வானத்தைப் பார்த்து, எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறார் மனிதர். சென்னையில் அது எங்கேயும் போவதில்லை. ஆனால் தாளத்துக்கு நடுவில் 'டங் டங்' என்று ஒரு சத்தம் வரும். தீயணைப்பு சிலிண்டரைத்தான் தட்டியிருக்கிறார்கள். அது வந்ததும் என் கால் தானாக ஆட ஆரம்பித்துவிடும். கோபம் அதோடு சரி.

பாட்டு முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது கோரஸும் வயலின்களும் சேர்ந்து இன்னொரு முறை கோபுரம் எழுப்பும். கடைசியில், மனிதக் குரலை இயந்திரம் போல மாற்றுகிற வோகோடர் கருவி வழியாக ஒரு குரல் ஏதோ சொல்லும். பாட்டின் பெயரைத்தான் சொல்கிறது என்று பல வருஷம் நம்பினேன். இல்லை. 'தயவுசெய்து என்னைத் திருப்பிப் போடு' என்கிறது. பக்கம் முடிகிறதல்லவா, ரிக்கார்டே நம்மிடம் கேட்கிறது! தெரிந்த அன்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். போனில் கேட்கிறவர்கள் எதைத் திருப்புவார்கள், போனையா? அந்தக் குரல் அங்கே அநாதையாகக் கெஞ்சிவிட்டுப் போகிறது, அடுத்த பாட்டு தானாக வந்துவிடுகிறது.

சரி, மரியாதையாகக் கேட்கிறதே என்று முழங்கால் வலியோடு எழுந்து திருப்பினால், நான்காம் பக்கம். என் தீராத குறை இதுதான். திமிங்கலத்துக்காக ஒரு வாத்திய இசை, சொந்த ஊர் பர்மிங்காமுக்கு ஒரு ஏக்கப் பாட்டு. எதிலும் பழுதில்லை. கடைசியில் வரும் கௌபாய் பாட்டை விரும்புகிறவர்கள் நிறைய, அது நல்ல பாட்டும்கூட. ஆனால் பாயசம் சாப்பிட்ட வாயில் மறுபடி ரசம் சாதமா? பாதியில் ஊசியைத் தூக்கிவிடுவேன். எத்தனை முறை அப்படிச் செய்தேனோ, என் பிரதியில் நான்காம் பக்கம் இன்னும் புதுசு போல மின்னுகிறது. மூன்றாம் பக்கத்தில் இடியோடு கீறல் சத்தமும் சேர்ந்து பெய்கிறது.

முதல் இரண்டு பக்கம்? நன்றாகவே இருக்கும். 'ஜங்கிள்' பாட்டில் பெரியவர்கள் கூச்சமில்லாமல் குரங்குச் சேட்டை செய்வார்கள். வீட்டில் குழந்தை இருந்தால் அது போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புது பெல்ட்டில், சரியான வேகத்தில், எனக்கு அந்தச் சந்தோஷம் கொஞ்சம் அவசரமாகப் படுகிறது. பழைய தூங்குமூஞ்சி லின்னே தேவலை என்று நேற்று தோன்றியது. மெக்கானிக்கிடம் சொன்னால் அடிக்க வருவார்.

அதனால் நண்பரே, வாங்க வேண்டாம். 19 நிமிஷத்துக்காக இரண்டு தட்டுக்குக் காசு கொடுப்பது நியாயமில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், மூன்றாம் பக்கம் போடுகிறேன். அந்தக் குரல் கேட்டதும் எழுந்து திருப்புவது உங்கள் பொறுப்பு.