பன்னிரண்டு தேய்ப்புக்கு 5 சதவீதம்: ஒன்றரை வருட அனுபவம்

இங்கே அமெரிக்காவில் ஒரு சின்ன கிரெடிட் யூனியனில் (உறுப்பினர்களே சொந்தக்காரர்களான கூட்டுறவு வங்கி மாதிரி) ரிவார்ட்ஸ் செக்கிங் கணக்கு, அதாவது நிபந்தனைகளை நிறைவேற்றினால் கூடுதல் வட்டி தரும் அன்றாடச் செலவுக் கணக்கு, வைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாதம் 12 முறை டெபிட் கார்டைத் தேய்க்க வேண்டும், ஸ்டேட்மெண்ட் மின்னஞ்சலில்தான் வர வேண்டும், சம்பளம் நேராக இதில் விழ வேண்டும். மூன்றும் சரியாக இருந்தால் 10,000 டாலர் வரை 5 சதவீத வட்டி. ஒன்று தவறினாலும் அந்த மாதம் 0.01 சதவீதம். நாற்பத்தொரு டாலர் வர வேண்டிய இடத்தில் எட்டு சென்ட்.

அந்த எட்டு சென்டை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் தடவை தப்பு என்மேல்தான். ஏடிஎம்மில் பணம் எடுத்ததையும் சேர்த்து எண்ணிவிட்டேன். இரண்டாவது தடவைதான் வயிறு எரிந்தது. மாதக் கடைசி, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பன்னிரண்டாவதாக ஒரு காபி. ஆப்பில் 'பெண்டிங்' என்று சாம்பல் நிறத்தில் கிடந்தது, அடுத்த மாதம் பிறந்து திங்கட்கிழமைதான் 'போஸ்ட்' ஆனது, அதாவது கணக்கில் ஏறியது. போன் போட்டேன். "நீங்கள் தேய்த்த நாள் கணக்கில்லை சார், எங்களுக்கு வந்து சேர்ந்த நாள்தான்" என்ற அர்த்தத்தில் ரொம்ப மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் 20ஆம் தேதிக்குள் முடித்துவிடுகிறேன்.

எவ்வளவுக்கு வாங்கினோம் என்பது பொருட்டில்லை, எத்தனை தடவை என்பதுதான். அதற்காக வாழைப்பழத்துக்கு ஒரு பில், பாலுக்கு ஒரு பில் என்று கிளம்பாதீர்கள். சில்லறைத் தேய்ப்பாகவே இருந்தால் கணக்கை மூடலாம் என்று விதிமுறையில் ஒரு வரி இருக்கிறது. (என் மகள் கூட வந்தால் மானம் போகிறது, அது வேறு.)

பெரிய வங்கிகள் ஏன் இப்படித் தருவதில்லை? 2011இல் நடைமுறைக்கு வந்த டர்பின் திருத்தம் என்ற அமெரிக்கச் சட்டப் பிரிவுதான் முக்கியக் காரணம். டெபிட் தேய்ப்புக்குக் கடைக்காரரிடம் கிடைக்கும் கட்டணத்துக்கு 21 சென்ட்டும் தொகையில் 0.05 சதவீதமும் என்று உச்சவரம்பு வைத்தார்கள். சொத்து 10 பில்லியன் டாலருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு அந்த வரம்பு இல்லை. என் வட்டியில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

ஒரே பயம், திருட்டு. கிரெடிட் கார்டு திருடுபோனால் வங்கிப் பணம். இது என் சம்பளம். கார்டு தொலைந்தது தெரிந்து 2 வேலைநாளுக்குள் சொன்னால் அதிகபட்சம் 50 டாலர்தான் நம் தலையில், தாமதித்தால் 500 வரை போகலாம். அதனால் பெட்ரோல் பங்கில் இந்தக் கார்டை எடுப்பதே இல்லை. 10,000க்கு மேல் ஒரு டாலரும் இதில் வைப்பதில்லை, அதற்கு வட்டி ஒன்றும் பெரிதாக இல்லை. அப்புறம், வட்டிக்கு வரி உண்டு, ஜனவரியில் படிவம் வந்துவிடும்.