பள்ளி மைதானத்தில் வ.உ.சி.

எங்கள் பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்துக்கு வந்த வேட நாடகக் குழு, வ.உ.சிதம்பரனாரின் வாழ்க்கையை நடித்துக் காட்டியது. 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட கதையைச் சொல்லிவந்த நடிகர், போட்டிக்கு வந்த ஆங்கிலேயக் கம்பெனி பயணிகளை இழுக்கக் குடை கொடுத்ததை ஒரு குடையை விரித்தே காட்டியபோது, பிள்ளைகள் சிரித்துக்கொண்டே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். கோவைச் சிறையில் செக்கிழுத்த காட்சியில் வசனமே இல்லை. முரட்டுத் துணியும் கால் சங்கிலியுமாக அவர் சுற்றிச்சுற்றி நடந்ததே போதுமானதாக இருந்தது. ஒட்டுமீசை ஒருபக்கம் பிரிந்ததைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால், 1908-இல் அவர் கைதானதும் திருநெல்வேலியில் மூண்ட எழுச்சியை ஒரே வரியில் கடந்தது ஏமாற்றமளித்தது. பின்வரிசைக்குக் குரல் எட்டவில்லையாதலால், இக்குழுவை அழைக்கும் பள்ளிகள் ஒலிபெருக்கியைத் தாமே ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.