கடலூர்க் கத்திரிக்கு எது சரி: கூலரா, ஏசியா, மொட்டை மாடியா?

மூன்று வருடத்துக்கு முன், கத்திரி ஆரம்பித்த வாரம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஓர் ஏர் கூலர் வந்தது. "ஏசி மாதிரியே ஜில்லுன்னு இருக்கும் சார், கரண்ட் பில் பயமே வேணாம்" என்றார் கடைக்காரர். அதில் இரண்டாவது பாதி உண்மை. ராத்திரி பத்து மணிக்குப் போட்டோம். ஒரு மணிக்கு அம்மா எழுந்து தலையணையைத் தொட்டுப் பார் என்றார். ஈரம். காலையில் பார்த்தால் தினக் காலண்டர் தாள் துவண்டு கிடக்கிறது, மூடாமல் வைத்த தட்டில் அப்பளம் நமத்துப் போயிருக்கிறது.

கூலர் மேல் தப்பில்லை, ஊர்தான் தப்பு. தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து சூட்டை எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வித்தை. காற்று காய்ந்திருந்தால்தான் தண்ணீர் ஆவியாகும். 40 டிகிரி வெயில், 25 சதவீத ஈரப்பதம் என்றால், ஆவியாதல் மூலம் காற்றைக் கிட்டத்தட்ட 24 டிகிரி வரை இறக்க இடமிருக்கிறது. 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் 29-க்குக் கீழே இறங்கவே முடியாது. கூலர் அந்த எல்லையையும் முழுதாகத் தொடாது. இரண்டாவது கணக்குதான் கடலோரத்துக் கணக்கு. போதாததற்கு, ஜன்னலைச் சாத்திவிட்டுக் கூலர் போட்டால் அது விட்ட ஈரமும் அறைக்குள்ளேயே நிற்கும், வியர்வை காயாது.

அதே கூலரை விருத்தாசலத்தில் அக்கா வீட்டுக்கு அனுப்பினோம். கடலூரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் உள்ளே. ஒரு வாரம் கழித்து மாமா போன் செய்தார்: "மாப்ள, இதையா வேணாம்னு அனுப்பின? ராத்திரி போர்வை தேட வேண்டியிருக்கு." ஒரே மாவட்டம்தான்! இதில் இன்னொரு வேடிக்கை: கூலருக்கு முன்னோடியான வெட்டிவேர்த் தட்டிக்கு வேண்டிய வேர் எங்கள் கடலோர மணலில்தான் விளைகிறது. நனைத்துத் தொங்கவிட்டால் நன்றாக வேலை செய்வதோ கடலை விட்டுத் தள்ளி, காய்ந்த காற்றடிக்கும் ஊர்களில். எங்களுக்கு வாசனை மிச்சம்.

சரி, ஏசி. கடலோரத்தில் ஏசியின் பெரிய உபகாரம் குளிர்ச்சி இல்லை, ஈரத்தை உறிஞ்சுவது. வடிகால் பைப்புக்கு அடியில் பக்கெட் வைத்தால் விடியும்போது பாதி நிறைந்திருக்கும். அவ்வளவும் நேற்றுவரை நம்மைப் பிசுபிசுக்க வைத்த தண்ணீர். அதனால் இங்கே 18-இல் வைக்கத் தேவையே இல்லை. 26-இல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாக ஓடவிட்டால் போதும். ஒரு டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டி இழுக்கும்; ராத்திரி எட்டு மணி நேரம் போட்டால் இரண்டு மாத ரீடிங்கில் 400 யூனிட்டுக்கு மேல் கூடிவிடும். மொத்தம் 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறி பில் எகிறும். அதனால் ஒரு வீட்டுக்கு ஓர் ஏசி, எல்லோரும் ஒரே அறையில் பாய் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. குறட்டைக்கு மட்டும் ஸ்லாப் இல்லை.

கடை விளம்பரத்தில் வராத செலவு, உப்புக்காற்று. கடற்கரையை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில் ஒரு நண்பர் வீட்டில் மெக்கானிக் அவுட்டோர் யூனிட்டைத் திறந்தபோது கூட நின்றேன். அலுமினியத் தகடுகளை நகத்தால் சுரண்டினார், வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. மாட்டி மூன்றே வருடம்தான், கேஸும் கசிந்திருந்தது. அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ள காயிலா என்று கேட்டு வாங்க வேண்டும், அவ்வப்போது நல்ல தண்ணீரால் அலச வேண்டும்.

மூன்றாவது வழியை வழி என்றே யாரும் எண்ணுவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் அப்போதுதான் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் நம் மேல் தள்ளுகிறது. பங்குனியில் மொட்டை மாடியில் சுண்ணாம்பு இரண்டு கோட் அடித்தோம், ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து. வெள்ளைத் தரை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. இப்போது அதே இடத்தில் கை வைத்தால் இளஞ்சூடுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி கரைந்து போகும். வருடா வருடம் அடிக்க வேண்டியதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மாடியிலேயே படுப்பது கொசுவுக்கு விருந்து, அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அப்புறம் ஜன்னல். பெரும்பாலான நாள் மதியவாக்கில் கடற்காற்று ஏறும். மேற்கிலிருந்து மேல்காற்று பலமாக அடிக்கும் நாளில் அது தாமதமாகும், அன்றைக்குத்தான் ஊர் வேகும். காலையில் கிழக்கு ஜன்னலைச் சாத்தி வைத்து, காற்று திரும்பியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து ஃபேன் போட்டால் மாலை வரை ஏசி வேண்டாம்.

என்னைக் கேட்டால் முதலில் சுண்ணாம்பு, காசு மிஞ்சினால் ஏசி, அதன் அவுட்டோர் யூனிட் கடல் பார்க்காத சுவரில். கூலர் வாங்கியே தீருவேன் என்பவர்கள் விருத்தாசலத்தில் பெண் எடுக்கலாம்.